இருபத்திரண்டு மைலும் கால் ஊன்றாமல்

டானர் பள்ளத்தாக்குப் பூங்காவில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் டெலாய். ஓய்வுக்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சியவை இரண்டு: ஒன்று முழங்கால் வலி, மற்றொன்று இரும்புச் சட்டி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், முதலில் வந்து குடியேறியவர்களை நினைத்து நடக்கும் முன்னோர் நாள் விருந்து ஜூலை இருபத்து நான்காம் தேதி. அன்றைக்கு டானர்வில் சபையார் மைதானத்தில் மூட்டும் அடுப்புகளில் நடு அடுப்பு பதினோரு வருஷமாக அந்தச் சட்டிக்குத்தான். உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றி இறைச்சி, சீஸ் எல்லாம் போட்டு மூடிமேல் கரியை அள்ளி வைத்தார் என்றால், வருகிற வாசனையில் பாதிச் சபை ஜெபம் முடியுமுன்பே கண்ணைத் திறந்துவிடும்.

அந்த நடு அடுப்பின்மேல் அவர் மைத்துனன் வெர்லனுக்கு ஒரு கண். அவன் செய்கிற ஆப்ரிகாட் இனிப்பு வருஷா வருஷம் ஓரத்து அடுப்பில்தான் வெந்தது. காற்றடிக்கிற ஓரம், பாதி வேகும், பாதி தீயும்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, சபைச் சாப்பாட்டில், வாய் சும்மா இராமல் டெலாய்தான் ஆரம்பித்தார். "பூங்காவுல இந்த சைக்கிள்காரங்க எதுக்குத்தான் அடிக்கு ஒருதரம் காலை ஊனி நிக்கிறாங்களோ! நானா இருந்தா கால் தரையில படாம மேல வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடுவேன்."

"எங்க, போய்க் காட்டு மச்சான்," என்றான் வெர்லன், தட்டைக் கீழே வைத்துவிட்டு.

சபையில் பந்தயம் கட்டுவது பாவம். ஆகையால் அதற்கு உடன்படிக்கை என்று பெயர் வைத்துக் கைகுலுக்கினார்கள். பூங்காவின் வாசல் வளைவிலிருந்து பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் பிரசங்கப் பாறை வரை பதினோரு மைல், திரும்ப பதினோரு மைல். ஒரே நாளில். டெலாயின் கால் தரையில் பட்டால் நடு அடுப்பு வெர்லனுக்கு. படாவிட்டால் வெர்லன் ஆயுசுக்கும் ஓரம். சாட்சியாக வெர்லனே கூட வருவான், அவன் பெண்டாட்டியின் பேட்டரி சைக்கிளில்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் டெலாய்க்கு உறைத்தது. பூங்காவில் ஒரு விதி உண்டு: பின்னால் பஸ் வந்தால் சைக்கிள்காரர் ஓரம் கட்டி முழுசாக நிற்க வேண்டும், அதன் பிறகுதான் பஸ் கடக்கலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். நிற்காமல் சும்மா வட்டமடித்தவர்களை இருபத்திரண்டு வருஷம் ஹாரன் அடித்தே அழவைத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

"கால் ஊனாம எப்படிங்க நிப்பீங்க?" என்றாள் மனைவி ஆர்வில்லா.

"கம்பம் இருக்கே."

இரண்டு நாள் பஸ்ஸில் மேலும் கீழும் போய், ஓரம் கட்டுகிற இடங்களில் இருந்த அறிவிப்புப் பலகைக் கம்பங்களையெல்லாம் எழுதினார். மொத்தம் முப்பத்தொன்று. எது உறுதி, எது ஆடும், எதில் குளவிக் கூடு என்று தனித்தனியாகக் குறித்து, பஸ் நேரத்தோடு கூட்டிக் கழித்து, தாளைக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டார். ஜூலை மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆர்வில்லா பிடித்துக்கொள்ள, வாசல் வளைவில் சைக்கிள் ஏறினார்.

போகிற வழி பாடம் ஒப்பித்த மாதிரிதான். பஸ் சத்தம் கேட்கும்போது டெலாய் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பார். மூன்றாவது பஸ்ஸை ஓட்டி வந்தவள் மெர்லீன், அவரிடமே தொழில் கற்றவள். அவள் ஒலிபெருக்கியில் பயணிகளுக்குச் சொன்னது பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது: "வலப்பக்கம் பாருங்க, செம்பாறை, வயசு பதினெட்டுக் கோடி வருஷம். அதுக்குக் கீழ கம்பத்தைக் கொஞ்சிக்கிட்டு இருக்கிறவர் டெலாய் அண்ணன், அறுபத்தி மூணு."

ஜன்னல் ஜன்னலாகப் போட்டோ எடுத்தார்கள்.

வெர்லனோ முழு வேகத்தில் முன்னே பறப்பான், திரும்பி வருவான், டெலாயைச் சுற்றி ஒரு வட்டமடிப்பான். "என்ன மச்சான், கம்பத்துக்கும் உனக்கும் கல்யாணமா? அக்காகிட்ட சொல்லவா?"

மூன்றாவது மைலில் பழைய குடியேறிகள் நட்ட ஆப்ரிகாட் தோப்பு. வேலிக்குள் நின்று தின்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சும்மா. வெளியே எடுத்துப் போனால்தான் எடை போட்டுக் காசு. சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு வருகிற வழக்கம் வெர்லன் குடும்பத்தில் கிடையாது. டெலாய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே போய்க் கால் மணி நேரம் தின்றான்.

"போதும் மாப்ள, வயிறு உன்னோடதுதானே?"

"பழம் சும்மாதானே!"

பிரசங்கப் பாறையில் ஒரு கம்பத்தில் சாய்ந்து, சைக்கிளைவிட்டு இறங்காமலே டெலாய் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அணில் ஒன்று அவர் தொடைமேல் ஏறி, ரொட்டியை விட்டுவிட்டு உள்ளே இருந்த இறைச்சியை மட்டும் உருவிக்கொண்டு போனது. துரத்த முடியாது. கால் இரண்டும் மிதியில், கை ஒன்று கம்பத்தில். திட்ட மட்டும் முடிந்தது.

திரும்புகிற வழி இறக்கம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்கு மேல் காற்று கீழேயிருந்து மேலே அடிக்கும். இறக்கத்திலும் மிதித்தால்தான் சக்கரம் உருண்டது. தாளில் எழுதிய நேரமெல்லாம் கோணிப்போயின. கம்பம் வருமுன் பஸ் வந்தது. ஒருதரம் பாறையில் முதுகைச் சாய்த்தார். ஒருதரம் குளவிக் கூட்டுக் கம்பத்தையே கட்டிக்கொண்டு, காதில் ஒன்று வாங்கிக்கொண்டார். கால் மட்டும் தரையைத் தொடவில்லை. வெர்லன் தோப்பில் இன்னொரு முறை புகுந்தான். டெலாய் காத்திராமல் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெர்லன் அவரைத் தாண்டிப் பறந்தான். இந்தத் தடவை கேலி இல்லை, வட்டமும் இல்லை.

வாசல் வளைவுக்கு அரை மைல் இருந்தது. ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவில் குறுகலான சாலை. தாளில் அந்த இடத்துக்கு நேரே 'கம்பம் இல்லை, விரைந்து கடக்கவும்' என்று எழுதியிருந்தது. பின்னால் பஸ் உறுமியது. டெலாய் இங்கும் அங்கும் பார்த்தார். அந்த இடத்தில் செங்குத்தாக நின்றது ஒன்றே ஒன்று: வெர்லன். சாலையோரத்தில் பேட்டரி தீர்ந்து, மிதித்தாலும் நகராத கனத்த சைக்கிள் பக்கத்தில் கிடக்க, இரண்டு முழங்காலையும் இறுக்கி ஒட்டிக்கொண்டு நின்றான்.

டெலாய் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, என்னை அசைக்காத! அசைச்சே, நான் பொறுப்பில்லை," என்றான் வெர்லன், பல்லைக் கடித்தபடி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பழமா?"

"ரெண்டு தடவையும்."

பஸ் வந்தது. வெர்லன் கையை மட்டும் ஆட்டி நிறுத்தச் சொன்னான். மெர்லீன் அன்போடு திரும்பக் கையாட்டினாள். "நிறுத்தம் இல்லாத இடத்துல ஆள் ஏத்தக் கூடாது வெர்லன் அண்ணே! டெலாய் அண்ணன் சொல்லிக் குடுத்தது!" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, பயணிகள் பக்கம் தொடர்ந்தாள்: "வலப்பக்கம் பாருங்க, ஆப்ரிகாட் நிறைய சாப்பிட்டா இப்படித்தான் ஆகும்."

பஸ் போய்விட்டது. அங்கே மறைவுக்கு ஒரு புதர் கிடையாது; முழங்கால் உயரச் சப்பாத்திக்கள்ளிதான். கழிப்பறை வாசல் வளைவில். இந்தக் கோலத்தில் நடந்தால் கால் மணி, மிதித்தால் மூன்று நிமிஷம்.

"மச்சான், உன் சைக்கிளைக் குடு."

"இறங்கினா என் கால் தரையில படுமே மாப்ள. நடு அடுப்பு என்ன ஆகும்?"

இந்த நிலையிலும் வெர்லன் ஒரு நொடி யோசித்தான். "உடன்படிக்கை உடன்படிக்கைதான்."

"அப்ப நான் வர்றேன்," என்று டெலாய் மிதியை அழுத்தினார். பத்தடி போனார். அரை மைல்தான், இறக்கம்தான், அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்பது நிமிஷம். ஆயுசுக்கும் நடு அடுப்பு. பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது, கன்றை ஈனும் மாடு முனகுவதுபோல.

டெலாய் நின்றார். இடது காலை ஊன்றினார். பிறகு வலது காலையும். எட்டு மணி நேரமாகத் தரை காணாத கால்கள் துணியாக மடிய, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போடா, சண்டாளா!"

வெர்லன் நன்றி சொல்ல நிற்கவில்லை. சீட்டில் உட்காரவும் தைரியமில்லை. நின்றபடியே மிதித்து மறைந்தான்.

இருபத்து நான்காம் தேதி விருந்தில் நடு அடுப்பில் வெர்லனின் சட்டி ஏறியது. பதமாக வெந்து, பொன்னிறமாக, முதல்முறையாக ஒரு பக்கமும் தீயவில்லை. ஆனால் மெர்லீனின் ஒலிபெருக்கியைக் கேட்காத ஆள் டானர்வில்லில் இல்லை. வரிசையில் வந்தவர்கள் நடுச் சட்டியை எட்டிப் பார்த்தார்கள், வெர்லனைப் பார்த்தார்கள், வயிற்றைத் தடவிக்கொண்டு ஓரத்து அடுப்பில் டெலாயின் கிழங்குக்குப் போனார்கள். ஓரத்தில் கூட்டம் தாங்காமல் மேஜை சாய்ந்தது.

வெர்லன் கரண்டியும் கையுமாக நின்றான். கடைசியில் டெலாய்தான் தட்டை நீட்டினார்.

"போடு மாப்ள."

வெர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று கரண்டி போட்டான். டெலாய் ஒரு வாய் தின்று, நிஜமாகவே நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, "நீ சாப்பிடல?" என்று கேட்டார்.

"இந்த ஜென்மத்துக்குப் போதும் மச்சான்," என்றான் வெர்லன். "உன் கிழங்கு மிச்சம் இருக்கா?"