மாப்பிள்ளை கடைந்த முக்காலி

என் தங்கை வீட்டுக்காரருக்குத் திடீரென்று மரக் கடைசல் மேல் ஆசை வந்தது. வந்த மூன்றாம் மாதமே வாத்தியாராகிவிட்டார். இருபத்திரண்டு வருடமாகக் கடைசல் பட்டறை நடத்தும் எனக்கே உளி பிடிக்கச் சொல்லித் தந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழலும் கட்டையில் உளி சரியாகப் பட்டால், சீவல் சுருள் சுருளாக எழும்பி முழங்கை மேல் விழும். அந்தச் சுகத்தில் நான் சோற்றையே மறந்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கோ உளியைக் கண்டாலே உதறல். எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்தே ஒப்பேற்றுவார். அவர் அறையில் ஒரு சீவலைப் பார்க்க முடியாது, வெறும் தூள்தான்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து அப்பா வீடு திரும்பும் நாளுக்கென்று ஒரு முக்காலி செய்தார். அன்று காலையே தங்கை போன் செய்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. ராப்பகலா உழைச்சிருக்காரு. நீ நொட்டை சொன்னா, அப்புறம் உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

சொல்வதைச் செய்கிறவள் அவள். சத்தியம் செய்தேன்.

கூடத்தின் நடுவில் முக்காலி மினுமினுத்தது. "பாருங்க அண்ணி, துளைக்குள்ள போற கால் நுனியைக்கூட விடல. நல்லா தேய்ச்சு மெழுகு போட்டுட்டேன். வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு!" என்றார் மாப்பிள்ளை.

அந்த நுனி சொரசொரப்பாக, சுத்தியலால் தட்டினால்தான் இறங்கும்படி இறுக்கமாக இருக்க வேண்டும். மெழுகின் மேல் பசை எங்கே பிடிக்கும்? இந்த மேதாவியின் கால்கள் துளைக்குள் சும்மா விருந்தாளி மாதிரி வந்து நின்றன.

அப்பா கைத்தடியை ஊன்றி முக்காலியை நெருங்கிக்கொண்டிருந்தார். தங்கையின் கண் என் வாயை விட்டு நகரவில்லை.

"அப்பா, இருங்க, எனக்குக் கால் வலிக்குது" என்று அவரை முந்திப் போய்த் தொப்பென்று உட்கார்ந்தேன்.

மூன்று காலும் மூன்று பக்கம் போயின. நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். வீடே சிரித்தது.

"ஆபரேஷன் பண்ணின காலோட நான் நிக்கறேன், முந்திக்கிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?" என்றார் அப்பா.

மாப்பிள்ளை பெருந்தன்மையாகக் கை நீட்டினார். "பரவாயில்ல அண்ணி. உங்க வெயிட்டுக்குன்னு அடுத்தது கனமா கடைஞ்சு தர்றேன்."

நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது. விழுங்கிக்கொண்டு, "சரிங்க மாப்பிள்ளை" என்றேன்.

கல்யாணம் வரை என் பட்டறையில் சீவல் கூட்டியவள் தங்கை. உருண்டு கிடந்த ஒரு காலை எடுத்து, பளபளத்த நுனியை விரலால் தடவினாள். என்னைப் பார்த்தாள். பிறகு, இன்னும் சிரித்துக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினாள்.

"கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள்.