நடுக்கட்டத்துப் பெண்

தேசிய கீதத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடலாமா கூடாதா என்று, தொற்றுநோய் பரவிய அந்த வருடம், நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. கூட்டமாக வாய் திறந்து பாடினால் நோய் பரவும் என்று சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. அதுவரை பள்ளிகளை மூடி வைத்திருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் இதைப் பொறுக்கவில்லை. காலையில் மைதானத்தில் நின்று பாடாத பிள்ளைக்கு நாடு என்றால் என்னவென்று எப்படித் தெரியும் என்று ஒரு கூட்டம். முதலில் மூச்சு இருக்கட்டும், பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று இன்னொரு கூட்டம். தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் நாலு கட்டத்தில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காமல் கத்தினார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளியில் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு பக்கத்துக்கும் மனம் கோணாமல் நடந்துகொள்வதில் அந்த ஊர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் கெட்டிக்காரர். பிள்ளைகள் அவரவர் வீட்டில் நின்று பாடிக் கைப்பேசியில் படமும் குரலுமாகப் பதிந்து அனுப்பட்டும், எல்லாவற்றையும் ஒரே பாட்டாகச் சேர்த்து வெளியிடலாம் என்றார். சட்டமும் மீறவில்லை, நாட்டுப்பற்றும் குறையவில்லை. சேர்க்கிற வேலையைப் பாட்டு டீச்சர் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாகிவிட்டார்.

பாட்டு டீச்சருக்குக் காது கூர்மை. வகுப்பே பாடும்போது யார் வெறுமனே வாயசைக்கிறார்கள் என்பதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் தும்மினால்கூடச் சுருதி விலகிவிட்டது என்பாளாம் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். பிள்ளைகளுக்கு அவள் சொல்லியனுப்பிய விதிகள் பழையவைதான். ஒரு காதில் நான் அனுப்பும் ஆர்மோனியத்தைக் கேட்டுக்கொண்டு பாடு. ஆடாமல் நில். எது நடந்தாலும் பாட்டை நிறுத்தாதே. விட்டுப்போனால் தாளத்தை மனதில் ஓட்டி, சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்.

வந்த பதிவுகளைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. ஒரு பையன் பாட்டில் அவனைவிட அவன் நாய் சுருதியோடு இருந்தது. கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வழித்தெடுத்தாள். பிள்ளைகளின் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் உண்டு. கீதத்தின் கடைசி வரியில் வரும் உச்ச ஸ்வரத்தைக் கத்தாமல் தொடக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்பதால், அவளுக்கு உச்சி என்றே பெயராகிவிட்டது. பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் தையற்காரரின் மகள். தையற்காரரின் அப்பா காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவளுடைய பதிவில் பின்னால் ஓர் ஆண் இருமிக்கொண்டே இருந்தார். பாதிப் பாட்டில் இருமல் முற்றி, "தண்ணி" என்று ஒரு குரல். உச்சி திரும்பி நடந்தாள். கொஞ்ச நேரம் வெறும் சுவர். பிறகு வந்து நின்று, தாளம் ஒரு துளி பிசகாமல் விட்ட பாட்டில் சேர்ந்துகொண்டாள்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் என்று பூரித்துப்போனாள். இருமலைத் துளித்துளியாகத் துடைத்தெடுத்தாள். அந்த இடைவெளியை மற்றப் பிள்ளைகளின் குரலால் மூடினாள். படத்தில் எல்லா முகங்களையும் கட்டங்களாக அடுக்கியபோது, பாசத்தில் உச்சியை நட்டநடுவே வைத்தாள். காதால் உலகத்தைப் பார்க்கிறவளுக்குப் படத்தில் என்ன தெரிகிறது என்று தோன்றவே இல்லை. அதைவிடக் கொடுமை, இருமியது யார், என்ன உடம்பு என்று ஒரு வார்த்தை விசாரிக்கவும் தோன்றவில்லை. அவளுக்கு அது வெறும் இரைச்சல்.

பாட்டு வெளியானது. இரண்டு நாள் எல்லோரும் புகழ்ந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒரு புண்ணியவான் நடுக்கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்பினான். பளிங்குபோலச் சுத்தமாகத் தேசிய கீதம் ஒலிக்கிறது. ஒரு பெண் பாதியில் முதுகைக் காட்டிவிட்டு நடந்து போகிறாள். அவ்வளவுதான் தெரிந்தது. ஏன் போனாள் என்பதைத்தான் டீச்சர் துடைத்து எடுத்துவிட்டாளே.

அன்று மாலையே நாலு கட்டத்துக்காரர்களும் உச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அவள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று தோண்டியெடுத்தார். இங்கே தின்று வளர்ந்தாலும் மனசு அங்கேதான் இருக்கும் என்றார். இன்னொருவர் குழந்தையை விட்டுவிடுங்கள் என்று ஆரம்பித்து, பள்ளிகளை மூடியதால் வந்த வினை இது என்று தன் பாட்டுக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அசல் பதிவு டீச்சரிடம் இருந்தது. அதை வெளியிட்டால் ஒரு நிமிடத்தில் எல்லோர் வாயும் அடைபடும். வெளியிடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உச்சியின் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

அந்த அம்மாள் பேசவே பயந்தாள். பிறகு அழுதாள்.

"வேணாம் டீச்சர். எங்களை என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். அவருக்கு இருமல்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிட்டுப் போயிடும். போனவங்க யாரு திரும்பி வந்தாங்க, சொல்லுங்க?"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?"

"ஜுரம் இறங்கிட்டுதான் இருக்கு. இந்த ஊர் பூரா மாட்டியிருக்கற மாஸ்க் அவர் தைச்சது டீச்சர். தைச்சவருக்கே நோய்னா எங்களைச் சும்மா விடுவாங்களா? அதுவும் எங்களை?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்தாள். மகளின் பேரைக் காப்பாற்றப் போனால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்பாவை மறைத்தால் ஊர் மகள்மேல் காறித் துப்பும். நடுவில் மாட்டிக்கொண்ட அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தலைமையாசிரியருக்கு மேலிடத்திலிருந்து போன்மேல் போன் வந்தது. அவர் டீச்சரைக் கூப்பிட்டு, மேசைமேல் இருந்த பேனாவை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே முடிவைச் சொன்னார். அந்தப் பெண் தனியாக, நேராக நின்று, முழுப் பாட்டையும் பாடி அனுப்ப வேண்டும். பாடினால் விஷயம் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை சார் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். எனக்குத் தெரியாதாம்மா என்றார் அவர். தகவலை அவரே அந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் டீச்சர் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகக் கழித்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். நேரில் போய்க் காலில் விழுந்தாவது அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வைப்பது. பிழைத்து வந்தால் போதும். பிறகு அசல் பதிவை ஊர் முழுக்கக் கேட்கட்டும். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். இதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும் என்று போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

தையற்காரர் வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. யாரும் உள்ளே போகக் கூடாது, யாரும் வெளியே வரக் கூடாது. முன்னறையில் தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் உச்சி நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி, தலை வாரி, சீருடை போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

முந்தின நாள் தையற்காரருக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, வேறு வழியில்லாமல் அவர்களே வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலையில் தகவல் வந்துவிட்டது. உடம்பைக் கொடுக்க மாட்டார்களாம். உச்சி இதையெல்லாம் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். டீச்சர் தெருவில் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, தொட்டு அணைக்கவும் முடியாமல், அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள்.

"சார் பாடச் சொன்னாராமே டீச்சர்," என்றாள் உச்சி. "அதான் டிரெஸ் பண்ணிட்டு நிக்கறேன். இப்போ பாடட்டுமா? இனிமே நடுவுல யாரும் கூப்பிட மாட்டாங்க."

"வேணாம்மா. நீ ஒண்ணும் பாட வேணாம்."

"பாடலன்னா ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்களாம். நான் படிச்சாகணும்னு அப்பா வண்டியில ஏறும்போதுகூடச் சொன்னார்."

டீச்சர் மறுபடி வேண்டாம் என்று சொல்வதற்குள், கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, நேராக நின்று அவள் ஆரம்பித்துவிட்டாள். டீச்சரின் கைப்பேசி பைக்குள்ளேயே இருந்தது. தெருவில் ஓர் ஓசை இல்லை. கழித்தெடுக்க எதுவுமே இல்லாத அந்தப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதிர்வீட்டு மாடியில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஓர் ஆள் கைப்பேசியை உயர்த்தி, ஜன்னலைக் குறிபார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் தையற்காரர் தைத்த நீலநிற மாஸ்க்.

கீதம் முடிகிறவரை இமைகூட அசையக் கூடாது என்று எத்தனையோ வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இப்போது பாதிப் பாட்டில், தெருவின் குறுக்கே நடந்தாள். ஜன்னலை ஒட்டிப் போய், தன் முதுகால் அந்தப் பெண்ணை முழுவதும் மறைத்துக்கொண்டு நின்றாள். நாளை ஊர் பார்க்கப்போகும் படத்தில், தேசிய கீதம் ஒலிக்கும்போது நிற்காமல் நடந்து போகிற ஒரு பாட்டு டீச்சர் மட்டுமே தெரிவாள். நன்றாகத் தெரியட்டும் என்று அவள் அங்கேயே நின்றாள்.