முதல் புள்ளடி

வுப்பர்டால் நகரத்துத் தொங்கு ரயில் வுப்பர் ஆற்றுக்கு மேலே ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. சுபானி கைபேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்தாள். குடியுரிமைச் சோதனைக்கான கேள்விகள் முழுவதும் அதில் இருந்தன. இந்த நாட்டில் நாய் வளர்த்தால் வரி கட்ட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தாள். மேல்மாடி மனுசியின் சுண்டெலி அளவு நாய்க்குமா வரி!

சுபானிக்கு நாற்பது வயது. ஊரில் படித்த காலத்தில் சரித்திர பாடம் தொடங்கினாலே அவளுக்குக் கண் சொக்கும். அந்தப் படிப்பும் பாதியில் நின்றது. இடம்பெயர்ந்து வன்னிக்குள் ஓடித் திரிந்து, முகாமில் இருந்து, கல்யாணம் எழுதி ஜேர்மனிக்கு வந்தவள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் தோய்த்துக் கொடுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் பல வருடமாக வேலை செய்தாள். சோதனைக்குப் பதிந்தபோது, பாஸ்போட் கிடைக்கும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பாடமாக்குவோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் படிக்கப் படிக்க அது அவளைப் பிடித்துக்கொண்டது.

"இஞ்சேருங்கோப்பா, லைப்சிக்கில என்ன நடந்தது தெரியுமே?" என்றாள் ஒருநாள், புருசனுக்குப் புட்டைப் போட்டபடி. "திங்கட்கிழமை திங்கட்கிழமை சனம் மெழுகுதிரியோட ரோட்டில இறங்கினதாம். ஆயிரக்கணக்கில! ஆமிக்காரர் துவக்கோட நிண்டவங்களாம். ஒரு வெடி கூட வைக்கயில்லை. பிறகு நாட்டை ரெண்டாப் பிரிச்ச மதிலே விழுந்திட்டுது!"

சுகிர்தன் சம்பலைத் தொட்டுக்கொண்டு, "பேந்து சோதினையில பாஸ் பண்ணினால் சரி" என்றான். அவன் வெகுகாலத்துக்கு முன்பே ஜேர்மன்காரனாகிவிட்டவன். அப்போது இந்தச் சோதனை இருக்கவில்லை.

"சரி, உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். புண்டெஸ்ராட் எண்டால் என்ன?"

"அது… பாராளுமன்றம்."

"பிழை! மாநிலங்களின்ர சபை. பாஸ்போட் வைச்சிருக்கிற ஆளுக்குத் தெரியேல்லை!" அவள் கைகொட்டிச் சிரிக்க, அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த படிப்பில்தான் 'பெட்றீப்ஸ்ராட்' என்ற சொல் வந்தது. ஒரு வேலைத்தளத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளிருந்து தெரிவுசெய்யும் குழு. முதலாளியோடு வேலை நேரம், லீவு எல்லாவற்றையும் பற்றிப் பேசும் உரிமை அதற்கு உண்டு. சுபானி சரியான விடையைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 'எங்கட வேலையில இது இல்லையே' என்று யோசித்தபடி, இணையத்தில் தேடி மேலும் வாசித்தாள். ஒரு வரியைத் திரும்பவும் வாசித்தாள். வாக்களிக்க ஜேர்மன் குடியுரிமை தேவையில்லை. அங்கே வேலை செய்தால் போதும். தேர்தலில் நிற்கவும் முடியும்.

அவள் வாழ்க்கையில் ஒருமுறைகூட வாக்குப் போட்டதில்லை. ஊரில் தேர்தல் நடந்த நேரமெல்லாம் அவள் வேறெங்கோ ஒரு மரத்தடியில் இருந்தாள். இங்கே வந்த பிறகு, சுகிர்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாக்குப் போடப் போகும்போது அவள் வாசலில் நின்று காத்திருப்பாள்.

அடுத்த நாள் ரீ இடைவேளையில், அவள் அதை யூலியாவிடம் சொன்னாள். யூலியா வுப்பர்டாலிலேயே பிறந்து வளர்ந்தவள். துணிகளை ஹோட்டல்களுக்கு ஏற்றிப்போகும் வான் சாரதி.

"எங்களிடம் ஏன் இது இல்லை?" என்று கேட்டாள் சுபானி, தன் உடைந்த ஜேர்மன் மொழியில்.

யூலியா பாணைக் கடிப்பதை நிறுத்தினாள். "யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இல்லை."

பக்கத்திலிருந்த பிளோறன்ஸ் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். கானாவிலிருந்து வந்தவள், ஸ்திரிக்கைப் பகுதியில் நிற்பவள். "அந்த ஆட்கள் ஷிப்ட் அட்டவணையைப் பற்றியும் பேசலாமா?" என்று கேட்டாள். வரும் வாரத்து வேலை நேரம் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் சுவரில் ஒட்டப்படும். பிளோறன்ஸ் ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையைப் பார்க்க ஆள் தேடி, ஊரெல்லாம் போன் அடிப்பாள்.

"அதைப் பற்றித்தான் முதலில் பேசலாம்" என்றாள் சுபானி. மூன்று பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். இடைவேளை முடிந்த மணி அடித்தும் ஒருவருக்கும் எழும்ப மனமில்லை.

யூலியா ஒரு தொழிற்சங்கத்தோடு பேசி விபரம் கேட்டுவந்தாள். மூன்று தொழிலாளர்கள் கையெழுத்து வைத்து அழைப்பு ஒட்டினால் கூட்டம் கூட்டலாம். அதில் தேர்தலை நடத்த ஆட்களைத் தெரிவுசெய்து, வேட்பாளர்களின் பெயர்களையும் கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில் வாக்கெடுப்பு.

கையெழுத்து என்றதும் சுகிர்தனின் முகம் மாறியது.

"உமக்கு விசரே? வேலை போனால் விண்ணப்பமும் போச்சு. சம்பளச் சீட்டு இல்லாமல் ஆர் உமக்குக் குடியுரிமை தருவினம்?"

"கையெழுத்து வைக்கிற ஆக்களை அதுக்காக வேலையால நிப்பாட்ட ஏலாதாம். சட்டம் இருக்கு."

"சட்டம் இருக்கும். முதலாளிக்குக் கோவமும் இருக்கும். பாஸ்போட் கைக்கு வரட்டும், பிறகு பாப்பம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சுபானி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபடி நெடுநேரம் யோசித்தாள். பிறகு வந்து அவனுக்கு முன்னால் இருந்தாள்.

"நான் சோதினைக்குப் போய், இந்த நாட்டில என்னென்ன உரிமை இருக்கெண்டு புள்ளடி போட்டுக் காட்டப்போறன். ஒண்டையும் தொட்டுப்பாக்காமல் எப்பிடியப்பா போடுறது? நான் வைக்கப்போறன்."

மறுநாள் யூலியாவின், பிளோறன்ஸின் கையெழுத்துகளுக்குக் கீழே அவள் வைத்தாள்.

அழைப்பு ஒட்டிய அன்று முதலாளி பிறிங்மன் சலவைப் பகுதிக்கே வந்துவிட்டார். கெட்ட மனுசன் இல்லை. நத்தாருக்கு எல்லோருக்கும் சொக்கிலேற் பெட்டி கொடுப்பவர். ஆனால் அன்றைக்குக் காது சிவந்திருந்தது. "நாங்கள் இங்கே ஒரு குடும்பம் மாதிரி அல்லவா, சுபானி? இதெல்லாம் எதற்கு?"

கையிலிருந்த ஈரத் துவாயை வண்டிலில் வைத்தாள். "குடும்பம்தான், ஐயா. எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்து கதைத்துத்தான் முடிவெடுப்போம்."

அவர் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். பிளோறன்ஸ் ஸ்திரிக்கை மெசினுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை சோதனை வந்தது. நகரத்தின் முதியோர் கல்வி நிலையத்தில், வெவ்வேறு நாட்டுக்காரர் நிறைந்த மண்டபத்தில், சுபானி கேள்வித்தாளைத் திருப்பினாள். முதல் கேள்வியை வாசித்தாள். தெரிந்தது. அடுத்ததும் தெரிந்தது. பெட்றீப்ஸ்ராட் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்று சின்ன ஏமாற்றம்கூட உண்டாயிற்று. ஒரு மணித்தியாலம் கொடுத்திருந்தார்கள். அவள் பாதி நேரத்துக்குள் முடித்துவிட்டாள். எழும்பிப் போக மனம் வரவில்லை. ஆசைக்காக எல்லாக் கேள்விகளையும் இன்னொருமுறை வாசித்தாள்.

வெளியே சுகிர்தன் நின்றான். வருவதாக அவன் சொல்லவேயில்லை.

"எப்பிடி?"

"சுகமப்பா! சரியான லேசு!"

இருவரும் ரயில் நிலையப் பக்கம் நடந்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் அவன் தொண்டையைச் செருமினான்.

"நேற்று நான் வேலை செய்யிற கிடங்கில கேட்டுப் பாத்தனான். அங்க அந்தப் பெட்றீப்ஸ்ராட் இருக்குதாம். கனகாலமா இருக்குதாம். மூண்டுதரம் எலக்சன் நடந்திருக்கு. நான் ஒருக்காலும் போகேல்லை. ஏதோ ஒஃபிஸ் அலுவல் எண்டு நினைச்சிட்டன்."

சுபானி நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரியாதையும்" என்றான் அவன். "நீர் எலக்சனில நிண்டால் நல்லாயிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

சாப்பாட்டு அறையில் கூட்டம் நடந்தபோது வேட்பாளராகச் சுபானியின் பெயரைச் சொன்னது பிளோறன்ஸ். சுபானி எழும்பி, தன்னுடைய ஜேர்மன் மொழி திறமில்லை என்றாள். "எங்களுடையதும்தான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்த, அறை முழுக்கச் சிரித்தது. யூலியாவும் பிளோறன்ஸும் உட்பட ஐந்து பேர் நின்றார்கள். மூன்று இடங்கள்.

வாக்கெடுப்பு நாளன்று சுபானி கோயிலுக்கு உடுக்கும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு அறை மூலையில் இரண்டு படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்புச் செய்திருந்தார்கள். வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில், தேர்தலை நடத்தத் தெரிவான யூலியா பெயர்ப் பட்டியலோடு இருந்தாள். முகத்தில் பெரிய அதிகாரி தோரணை. "பெயர்?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

"பெயரைச் சொல்லுங்கள், அம்மணி."

சுபானி முழுப்பெயரையும் சொன்னாள். தாளை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே அவளும் ஒரு சின்ன மேசையும் பேனையும் மட்டும். என்ன எழுதுகிறாள் என்று கேட்க ஒருவருமில்லை, எட்டிப் பார்க்க ஒருவருமில்லை. தாளில் அவளுடைய பெயரும் அச்சாகியிருந்தது. யூலியாவுக்குப் போட்டாள். பிளோறன்ஸுக்குப் போட்டாள். தனக்கே போடலாமா என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது. பிறகு அழுத்திப் போட்டாள். கண் கலங்கியதால் தாளை மடிக்கச் சற்று நேரமெடுத்தது.

எல்லோருக்கும் முன்னால் எண்ணினார்கள். ஒவ்வொரு பெயரையும் உரத்து வாசிக்க, யூலியா கரும்பலகையில் கோடு கீறிக்கொண்டு வந்தாள். சுபானியின் பெயருக்கு நேரே கோடுகள் கூடிக்கொண்டே போயின. பிளோறன்ஸ் அவள் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். கடைசித் தாள் விரிந்தபோது யூலியாதான் முன்னுக்கு நின்றாள். அடுத்தது சுபானி. மூன்றாவது பிளோறன்ஸ். அறை கைதட்டலால் அதிர்ந்தது; யாரோ துவாயைச் சுழற்றி மேலே எறிந்தார்கள்.

பிறிங்மன் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல உள்ளே வந்து மூவருக்கும் கைகொடுத்தார். "சரி," என்று பெருமூச்சு விட்டார். "முதலில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்?"

"ஷிப்ட் அட்டவணை" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

சுபானி வெளியே ஓடிப்போய்ச் சுகிர்தனுக்குப் போன் அடித்தாள். அவன் எடுத்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன சுபா? என்ன நடந்தது?"

"வெண்டிட்டனப்பா," என்றாள். "நான் வோட் போட்டனான். வெண்டும்போட்டன்!"