சாம்புவின் பதில்

எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கும் சாலையின் வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு சுற்றுலா வண்டியைக் கிளப்பப் போன நேரத்தில் கிப்பாயின் கைபேசி அடித்தது. ரெசியாதோ. இந்நேரத்துக்கு அவன் மனைவி பால் கறந்துகொண்டிருக்க வேண்டும். கறக்கிறவள் கையில் போன் இருக்காது.

"நமுன்யாக் அப்பா, சாம்பு நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வரவே இல்ல."

"வரலன்னா? எங்க விட்டே?"

"நானா விட்டேன்? உங்கண்ணன்தான் தன் மாட்டோட சேத்து ஓட்டிட்டுப் போனாரு. அவரு மாடெல்லாம் எண்ணிக்கை கொறையாம வந்துருச்சு, நம்ம ஒண்ணுதான் இல்ல. விடிஞ்சதும் போய்ப் பாத்தா, குளம்படி பழைய தடத்துல பள்ளத்துக்குள்ள இறங்கியிருக்கு. கன்னு கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு. நீங்க கீழதான போறீங்க, கொஞ்சம் பாருங்க."

"பாக்கறேன்."

"பாக்கறேன்னு இழுக்காதீங்க. உங்க சத்தம் கேட்டா அது எங்க இருந்தாலும் வந்துரும். என்கிட்டகூட அப்படி வராது."

அதற்குள் பின்னால் வந்த வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். கிப்பாய் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதல் கியரில் இறங்க ஆரம்பித்தான். நாலாவது வளைவு தாண்டினால் சிக்னல் செத்துவிடும். அப்புறம் மேலே ஏறும்வரை உலகத்தில் யாருக்கு என்ன ஆனாலும் தெரியாது.

போன வருஷத்து வறட்சி கிப்பாயின் தொழுவத்தில் பதினொன்றைக் கொண்டுபோனது. சாம்பு மட்டும் எலும்பும் தோலுமாக நின்று பிழைத்தது. பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட உடம்பு, இடது காதில் அவன் குலத்தின் இரட்டை வெட்டு. மழை வந்ததும் கன்றும் போட்டது. ரெசியாதோவுக்குத் தாய்ப்பால் வற்றிப் போனதால் எட்டு மாதக் குழந்தை குடிப்பதும் சாம்புவின் பால்தான். அதிர்ஷ்டக்காரி என்று பொருள்பட நமுன்யாக் என்று பேர் வைத்தார்கள். அந்த அதிர்ஷ்டம் முழுக்க நாலு காம்பில்தான் இருந்தது. மாசாய் இனத்தார் வீட்டில் மாடு ஆணுக்குச் சொந்தம், பால் பெண்ணுக்குச் சொந்தம். ஆகவே காணாமல் போனதில் அவன் பங்கு ஒன்று, அவள் பங்கு ஒன்று. இரண்டையும் கிப்பாய்தான் இன்றைக்குத் தேடியாக வேண்டும், அதுவும் இரண்டு விருந்தாளிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு.

விருந்தாளிகள் டென்மார்க்கிலிருந்து வந்த தம்பதி. கணவர் பிரெபன், ஓய்வுபெற்ற பல் டாக்டர். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பைச் சேர்த்துச் சொல்லுவார். மனைவி இங்கர் அதிகம் பேசமாட்டாள், கையில் எப்போதும் வீடியோ காமிரா. மூன்று நாளாகச் சுற்றுகிறார்கள். இன்றுதான் கடைசி நாள்.

"கிப்பாய், இன்னிக்காவது முழிச்சிக்கிட்டிருக்கிற சிங்கத்தைக் காட்டுவீங்களா? இதுவரைக்கும் நீங்க காட்டினதெல்லாம் என் மாமனார் மாதிரி மல்லாந்து தூங்குது."

"காட்டறேன் சார்."

"எங்கப்பாவை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் இங்கர். கிப்பாயும் சிரித்து வைத்தான். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான்.

வழக்கமான விதிகளை அவன் காலையிலேயே சொல்லியிருந்தான். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. விலங்கு வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. "என்கிட்டகூடப் பேசக் கூடாது, நான் எது கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னான். இங்கர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

பள்ளத்தின் தரையில் பனி விலகிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு மலை தன் வயிற்றுக்குள்ளேயே இடிந்து விழுந்து உண்டான வட்டம் அது. நடுவில் உப்பு ஏரி. கிப்பாயின் அப்பா காலத்தில் மாதம் ஒரு முறை மேலிருந்து மாடுகளை இறக்கி அந்த உப்பு மண்ணை நக்கவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிடுவார்கள். கிப்பாயே விடலையாக இருக்கும்போது இறக்கியிருக்கிறான். இப்போது மாட்டின் குளம்பு இங்கே படக் கூடாது என்று சட்டம். சட்டம் மனிதர்களுக்குத் தெரியும். மேல்விளிம்பில் காற்றுத் திரும்பும்போது மூக்கில் ஏறுகிற உப்பு வாசனையை மாட்டுக்கு யார் தடுத்துவைக்க முடியும்?

அவன் வரிக்குதிரைகளுக்காக நிறுத்தினான், காண்டாமிருகம் ஒன்றுக்காக நிறுத்தினான். வாய் அதன் எடையையும் ஆயுளையும் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மட்டும் பழுப்புப் புள்ளி ஒன்றைத் தேடி அலைந்தது. ஏரியின் கீழ்க்கரைக்கு வண்டியைத் திருப்பினான். அங்கேதான் நல்ல உப்பு.

சாம்பு அங்கேதான் நின்றது. தடத்திலிருந்து இருநூறு அடி தள்ளி, முன்னங்கால் இரண்டையும் அகட்டி, உலகத்தில் வேறு வேலையே இல்லாதது போல மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. மடி கனத்துத் தரையைத் தொடப் பார்த்தது. 'மடச்சி, கிடைச்சிட்டியா' என்று அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அதற்கு இடப்பக்கம் புல்லுக்குள் இரண்டு காதுகள் அசைந்தன. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு.

"பிரெபன்," என்றாள் இங்கர் மெல்ல. "ரெண்டு பெண்சிங்கம்."

"அடேங்கப்பா! அது என்ன, மாடா?"

கிப்பாய் தன்னையே குனிந்து பார்த்தான். உடம்பில் காக்கிச் சட்டை இருந்தது. மார்பில் வண்டிக் கம்பெனியின் முத்திரை. இதே இடத்தில் மாசாய்களின் சிவப்புப் போர்வையும் கையில் ஒரு கம்புமாக நடந்து போனால் போதும், அந்தச் சிங்கங்கள் எழுந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விடும். அந்தச் சிவப்பைப் பார்த்து விலகத்தான் அவற்றின் பாட்டன் பூட்டனெல்லாம் பழகியிருந்தன. காக்கிக்கு எந்தச் சிங்கமும் பயப்படாது. இறங்கினால் விருந்தாளிகள் கண்முன்னே உரிமம் போகும். தடத்தை விட்டு வண்டியை இறக்கினாலும் அதே கதிதான். போன வருஷம் ஒருத்தன் நரிக்குட்டியைப் படம் பிடிக்க வண்டியைப் புல்லில் இறக்கிவிட்டு இப்போது ஊரில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறான்.

வயர்லெஸ்ஸை எடுத்து வனக்காவல் நிலையத்தைக் கூப்பிட்டான். "கீழ்க்கரை உப்புத் தரையில ஒரு மாடு நிக்குது. பக்கத்துல மீசைக்காரங்க ரெண்டு பேரு." சிங்கத்தை ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

"மாடா? யார் மாடு?" என்றது காவலரின் குரல்.

என் மாடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், வண்டி ஓட்டுகிறவனே மாட்டை இறக்கிவிட்டான் என்று எழுதுவார்கள். "தெரியல," என்றான். சொன்ன மறுகணமே, பிள்ளையை யாரோ என்று சொல்லிவிட்டவன் போலக் கூசிப்போனான்.

"நாங்க மேற்கு ஓரத்துல இருக்கோம். வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். யாரும் தலையிடாதீங்க."

தலையிட ஒருவரும் வரவில்லை. வேடிக்கை பார்க்க எல்லாரும் வந்தார்கள். வயர்லெஸ்ஸில் பேசினால் பள்ளத்திலிருக்கும் அத்தனை வண்டிக்கும் கேட்கும் என்பது பதினான்கு வருஷமாக ஓட்டுகிறவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. கால் மணி நேரத்தில் ஒன்பது வண்டிகள் தடத்தில் வரிசையாக அணைகட்டி நின்றன. சாம்புவுக்குப் பின்னால் ஏரி, இடப்பக்கம் சிங்கம், முன்னால் வண்டிகள். அடுத்த வண்டியின் ஓட்டுநர் ஷபானி ஜன்னலை இறக்கினான்.

"யோவ் மாசாய், உன் ஆளுங்கதான் இன்னிக்கி விருந்து வைக்கிறாங்க போல!"

கிப்பாய் அவனைப் பார்த்த பார்வையில் ஷபானியின் சிரிப்பு நின்றுவிட்டது.

வண்டிகளின் சத்தத்தில் சாம்பு தலையைத் தூக்கியது. போக வழி தேடி இடப்பக்கம், சிங்கம் இருந்த பக்கமே இரண்டடி வைத்தது. புல்லுக்குள் காதுகள் தாழ்ந்தன. கிப்பாய்க்கு வேறொன்றும் தோன்றவில்லை. தன்னிடம் வரட்டும். வண்டிகளுக்கு நடுவே ஒரு மாடு புகுந்து போகிற இடைவெளி இருக்கிறது. இத்தனை வண்டி நிற்கிற பக்கம் சிங்கம் பாயாது. வயர்லெஸ்ஸின் கரகர சத்தம் மாட்டை மிரட்டும் என்று அதை முழுக்கக் குறைத்தான். கூரையின் திறப்பு வழியே எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டான்.

மாசாய்களிடம் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. கன்றாக இருக்கும்போதே காதில் சொல்லிச் சொல்லிப் பழக்குவது. சாம்புவின் கூப்பாட்டில் அதன் தாயின் பெயர் இருந்தது, தாய்க்குத் தாயின் பெயர் இருந்தது, கடைசியில் நீளமாக ஒரு 'ஓஒய்'. மாடு ஒரு தரம் பதில் கொடுக்கும். கொடுத்துவிட்டால் பிறகு நேராக வந்துவிடும். இடம் வலம் பார்க்காது.

சாம்பு பதில் கொடுத்தது. அம்மா என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிக்கொண்டு, மடி ஆட ஆட, அவனைப் பார்த்து ஓடிவந்தது.

அவன் கண் தூரத்துப் புல்லிலேயே இருந்தது. அந்த இரண்டும் அசையவில்லை. வா, வா தாயீ, இன்னும் கொஞ்சம். ஷபானி ஏன் பைத்தியக்காரன் மாதிரிக் கையை ஆட்டுகிறான், வயர்லெஸ்ஸைக் காட்டிக் காட்டி வாயைத் திறந்து மூடுகிறான் என்று அவனுக்குப் புரியவில்லை. பிரெபனும் இங்கரும் பின்னிருக்கையில் தோளோடு தோள் ஒட்டி, உதட்டில் விரலை வைத்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தார்கள்; இங்கரின் மடியில் காமிரா ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெண்சிங்கம் எப்போதோ வண்டிகளுக்கு இடையே நடந்து வந்து, கிப்பாயின் வண்டியின் பின்சக்கர நிழலில் படுத்திருந்தது. காலையில் அவன் சொன்ன சொல்லை அவர்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார்கள்.

சாம்பு பத்தடியில் வந்ததும் சக்கரத்தடியிலிருந்து அது எழுந்தது.

ரொம்ப நேரம் ஆகவில்லை. புல்லிலிருந்த இரண்டும் வந்து சேர்ந்துகொண்டன. கிப்பாய் ஒலிப்பானை அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். பிரெபன் பின்னாலிருந்து அவன் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார். "பைத்தியமா உங்களுக்கு? செத்துப் போயிருப்பீங்க!" அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பார்க்காமல் இருக்கலாம், அதுவும் முடியவில்லை. சாம்புவின் கண் கடைசிவரை அவன் நின்ற பக்கமே இருந்தது. கூப்பிட்டவன் வருவான் என்று அது நினைத்திருக்கும்.

திரும்பும் வழியில் பிரெபன் முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினார். "கடைசி நாள்ல காட்டிட்டீங்களே! அதுவும் கூப்பிட்டு வரவழைச்சு. இதெல்லாம் உங்க ஆளுங்க வித்தையா?"

"நாங்க மூச்சே விடல," என்றாள் இங்கர். அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க சொன்னபடியே."

"ஆமா மேடம்."

"பாவம், அது. இங்க திரியற காட்டு மாட்டு வகையா?"

"காட்டு விலங்கில்ல மேடம். மாடு."

அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அவர்கள்மேல் கோபப்படலாமா என்று பார்த்தான். கோபத்துக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வண்டி ஏற்றத்தில் முனகியது. மேலே போய் ரெசியாதோவிடம், சாம்புவைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கும் தேடச் சொல்லுவாள். நாளன்றைக்கும். நாலாவது வளைவில் சட்டைப் பைக்குள் போன் உயிர்பெற்று, தவறிய அழைப்புகளை ஒவ்வொன்றாகத் துடித்துச் சொன்னது. அவன் எடுக்கவில்லை.

ஏற்றம் முடிகிற இடத்தில், மேல்விளிம்பின் ஓரமாக ரெசியாதோ நின்றுகொண்டிருந்தாள். முதுகில் துணியில் கட்டிய நமுன்யாக், கையில் பால் கறக்கிற வெறும் சுரைக்குடுக்கை, காலடியில் கயிற்றில் சாம்புவின் கன்று. அவள் சாலைக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாயின் பெயர், தாய்க்குத் தாயின் பெயர், நீளமாக ஓர் 'ஓஒய்'.

"பிரெபன், கேட்டீங்களா? அதே பாட்டு!" என்றாள் இங்கர். "கிப்பாய், நிறுத்துங்க, ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

கால் தானாக பிரேக்கை மிதித்தது. இங்கர் ஜன்னலை இறக்கினாள். தான் சரியாகத்தான் கேட்டோமா என்று பார்க்க, காமிராவில் பதிவானதைத் திருப்பி ஓடவிட்டாள். "வேண்டாம் மேடம்," என்று கிப்பாய் சொல்வதற்குள் அவனுடைய குரல் அதற்குள்ளிருந்து நீளமாகக் கூப்பிட்டது. அதைத் தொடர்ந்து சாம்பு பதில் கொடுத்தது.

கன்று காதைத் தூக்கியது. கட்டிப்போன தொண்டையால் ஒரு தரம் கத்திவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓடிவந்தது. கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருந்த ரெசியாதோ, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.