நைனார்பாளையத்துக்குள் வரக் கூடாத கார்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நர்ஸ் வேலைக்கு அந்தக் குணம் வேண்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்டவள், காரை லீஸுக்கு எடுத்த அன்று மட்டும் அந்த நான்காவது நிபந்தனையைப் படித்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குத்தான் பத்து மாதம் மண்டை குடைந்தது.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு துணை சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் மலையேற பஸ்ஸை நம்பினால், பிரசவம் முடிந்து பிள்ளைக்குப் பேர் வைத்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் நைனார்பாளையம் சடையனிடம் ஒரு வெள்ளை நிறக் காரை லீஸுக்கு எடுத்தேன். எங்கள் பக்கம் வீட்டை ஒத்திக்கு எடுப்பது போலத்தான் இதுவும். மொத்தமாக இரண்டு லட்சம் கொடுத்துவிட வேண்டும். வாடகை கிடையாது. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வண்டியைக் கொடுத்தால் பணம் அப்படியே திரும்ப வரும்.

தாலுகா ஆபீஸ் எதிரில் உட்கார்ந்திருக்கும் பத்திரம் எழுதுகிற சின்னக்கண்ணுதான் ஒப்பந்தம் எழுதினார். நிலத்துப் போக்கியப் பத்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிலம் என்று இருந்த இடத்திலெல்லாம் கார் என்று போட்டார். நான்காவது நிபந்தனை மட்டும் சடையன் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது. வண்டியை நைனார்பாளையம் எல்லைக்குள் கொண்டுவரவே கூடாது.

சடையன் மாதம் ஒரு தடவை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வண்டியைப் பார்ப்பார். பார்ப்பார் என்றால் பார்ப்பார், அவ்வளவுதான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டயர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பின்கண்ணாடியில் ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசைத் தடம் இருந்தது. அதைத் துண்டால் துடைப்பார். அது போகாது. ஆர்.சி. புத்தகத்தில் தனுஷா என்று பேர் இருந்தது.

"யாருங்க தனுஷா?"

"எம்பொண்ணு."

"எங்க இருக்குது?"

"இருக்குதும்மா" என்பார். பஸ் ஏறிவிடுவார்.

ஏன் ஊருக்குள் வரக் கூடாது? திருட்டு வண்டியா? வேண்டுதலா? பங்காளித் தகராறா? ஊசி போட்டுக்கொள்ள வருகிற மலைக்காரப் பெண்களிடம்கூடச் சொல்லி யோசித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு கதை சொன்னார்களே தவிர, ஒன்றும் மனசுக்கு ஒப்பவில்லை.

பதினொன்றாம் மாதம் எனக்கு மணலூர்பேட்டைக்கு மாறுதல் வந்தது. அங்கே நிலையத்துக்கு நடந்தே போகலாம். காருக்கு வேலையில்லை. ஆனால் வீடு வேண்டும். இரண்டு லட்சத்துக்கு ஒத்திக்கு ஒரு நல்ல வீடு கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் வீட்டுக்காரர். சடையனுக்குப் போன் போட்டேன்.

"அய்ய, அது ஆவாதும்மா. ரெண்டு வருஷம்னு பேசிக்கினு இப்ப இன்னா?"

"இருபதாயிரம் பிடிச்சிக்கங்க."

"வாணாம்."

"வேற ஆளை நானே புடிச்சி உடறேன்."

"வாணாம்மா. நீங்கதான் ஓட்டணும். வண்டி மலை மேலயே இருக்கட்டும்."

இருபதாயிரத்தை வேண்டாம் என்கிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சின்னக்கண்ணுவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நடுவுல நீயா உட்டா கெடு முடிஞ்சிதான் பணம். ஆனா நிபந்தன மீறனா அன்னிக்கே லீஸு ரத்து, வண்டிய உட்டுட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கினு போவணும்னு இருக்குது." அந்த வரியைத் திரும்ப ஒரு தடவை படித்தார். "நெலத்துப் பத்திரத்துல இருந்தத அப்பிடியே எறக்கிட்டேன் போலக்குது. யாருகிட்டயும் சொல்லிடாதம்மா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தண்டனை என்று எழுதி வைத்ததுதான் எனக்கு வழி. வியாழக்கிழமை காலை சின்னசேலம் தாண்டி, நேராக நைனார்பாளையத்துக்குள் வண்டியை விட்டேன். பணமும் கிடைக்கும், பத்து மாதப் புதிருக்கு விடையும் கிடைக்கும் என்று ஒரே குஷி. சடையன் வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு தடவை ஹாரன் வேறு அடித்தேன்.

சடையனின் மனைவி அமிர்தம் வெளியே வந்து, வண்டியைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஒரு பெண் வந்தாள். வெறுங்காலோடு வண்டியைச் சுற்றி வந்தாள். பின்கண்ணாடியில் பசைத் தடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது என் வண்டி. வித்துட்டேன்னியேப்பா?"

தொழுவத்திலிருந்து வந்த சடையன் அப்படியே நின்றுவிட்டார். நான் பார்த்தது அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டை. உடைந்து, கட்டுப் போடாமல் தானாகக் கூடிய எலும்பு. எத்தனை பார்த்திருக்கிறேன். என் குஷியெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

சடையன் என்னை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப் போனார்.

"கல்யாணத்துக்கு நாங்க குடுத்த வண்டிம்மா. எலவனாசூர்கோட்டைல குடுத்தோம். சரத்குமாருன்னு பேரு. அடி தாங்காம ரெண்டு தபா வந்துட்டா. ரெண்டு தபாவும் அவன் வந்து, வா தனுஷா, ஒரு ரவுண்டு போலாம்னு கார் கதவத் தொறந்தான். இவ ஏறிட்டா. மூணாந்தபா ராத்திரியில இந்த வண்டியிலயேதான் கொண்டாந்து தள்ளிட்டு, வண்டியயும் சாவியயும் அப்பிடியே உட்டுட்டு, கூட்டாளி வண்டில போயிட்டான். வித்துட்டேன்னு ஊரு பூரா சொன்னேன். விவாகரத்து கேசு முடிய ரெண்டு வருஷம் ஆவும்னாங்க. அதான் ரெண்டு வருஷம். வண்டி வாசல்ல நின்னா அவன் வந்துருவான். வந்தா இவ ஏறிடுவா."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வீட்டுக்காகவும், என் மூக்கு அரிப்புக்காகவும், பாவம், அந்த மனுஷன் மலைமேல் ஒளித்து வைத்ததைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறேன்.

"பணம்?" என்று கேட்டேன். கேட்கவே கூசியது.

"தொடல. பேங்க்ல அவ பேர்லயே போட்டு வச்சிருக்கேன். அவளுக்கே தெரியாது."

"தெரிஞ்சிடுச்சி" என்றாள் தனுஷா. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வீடு போனால் போகட்டும் என்று மனசு திடமாகிவிட்டது. "நான் வண்டியை எடுத்துக்கினு கெளம்பறேங்க. வந்ததே யாருக்கும் தெரியாது" என்றேன். சாவி என் கையில்தான் இருந்தது.

அமிர்தத்தின் போன் அடித்தது. சரத்குமார் பேரைப் பார்த்ததும் அவள் அதை மகளிடம் நீட்டினாள். ஊரில் அவனுக்கு யார் சொன்னார்களோ, நான் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தனுஷா போனை வாங்கினாள். எங்களுக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வண்டி வந்துருச்சாமே. எனக்குத் தெரியும் தனுஷா, நீ விக்க உட மாட்டேன்னு. சாயங்காலம் வரேன். ரெடியா இரு, ஒரு ரவுண்டு போலாம்." அந்தக் குரலில் ஒரு கோபமும் இல்லை. தேன் போல இருந்தது. எனக்கே, நல்ல பையனோ என்று ஒரு நொடி தோன்றியதைச் சொல்லத்தான் வேண்டும்.

சடையன் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் மணிக்கட்டைப் பார்க்காமல் இருக்க வண்டியைப் பார்த்தேன்.

"இன்னா, கேக்குதா?" என்றான்.

"கேக்குது. நீ வராத" என்றாள். "அடுத்த மாசம் கோர்ட்டுக்கு நானே ஓட்டிக்கினு வரேன். அங்க பாத்துக்கலாம்."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில பேங்குக்கு வந்துருங்கக்கா. உங்க பணத்த எடுத்துக் குடுத்துடறேன்." சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலடியில் குனிந்து பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, இதுல பிரேக்கு எது?"