சட்டைப் பையில் இருந்த ஸ்பிரிங்

அண்ணன் மெக்கானிக், தம்பி டிரைவர். வண்டியும் ஒன்றுதான், அப்பாவும் ஒருவர்தான். கைதட்டல் மட்டும் எப்போதும் தம்பிக்கு. எங்கே போய் முட்டிக்கொள்வது!

டயர் புகைய, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவுகளைக் கடக்கும் பந்தயம் அது. பெடலிலிருந்து காலை எடுத்த கணமே, எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நேரே சுவர்தான். அதை மூடுவது கட்டைவிரல் நீளத்து ஸ்பிரிங் ஒன்று. பந்தயத்துக்குப் பந்தயம் த்ராட்டிலைக் கழற்றிக் கரி போகத் துடைத்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, அந்த ஸ்பிரிங்கை இழுத்துப் பார்ப்பவன் அண்ணன்தான். அன்று காலை இழுத்தபோது தொளதொளவென்று வந்தது. புதியது ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் வெளியே மைக்கில் தம்பியின் குரல் கேட்டது. "வண்டியில என்னங்க இருக்கு? எல்லாம் ஓட்டுறவன் கால்லதான் இருக்கு!" பக்கத்தில் நின்ற அப்பா பூரித்துப்போய்ச் சிரித்தார்.

அண்ணனுக்கு வயிறு பற்றி எரிந்தது. கால்லயா இருக்கு? சரி, அந்தக் காலே பார்த்துக்கட்டும். எல்லாரும் பார்க்க ஒரு தடவை சுவரில் மோதட்டும், அப்போ தெரியும் சேதி. பழைய ஸ்பிரிங்கையே மாட்டி பானெட்டைச் சாத்தினான்.

தம்பி ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். "அண்ணே, பெடல் கொஞ்சம் சோம்பலா திரும்புதே."

"அப்படியா?"

"நீ பார்த்துட்டேல்ல? அப்பச் சரி." வேறொன்றும் கேட்காமல் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது. "டேய், நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டு ஓடி அண்ணன் குறுக்கே பாய்ந்தான். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டி முடிப்பதற்குள் தம்பியின் முறை போய்விட்டது. இறுதிச் சுற்றில் அவனுக்கு இடமில்லை என்று ஒலிபெருக்கி சொன்னது.

தம்பி ஹெல்மெட்டைத் தரையில் அடித்தான். "காலையிலேர்ந்து வண்டி உன் கையிலதானே இருந்துச்சு? நான் ஜெயிச்சா உனக்குப் பொறுக்காதா?"

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று அண்ணனைக் கேட்டார் அப்பா.

பழைய ஸ்பிரிங் அண்ணனின் உள்ளங்கையில் இருந்தது. அதைக் காட்டினால் போதும், தம்பி உயிரைக் காப்பாற்றினாயே என்று அப்பாவே கட்டிக்கொள்வார். ஆனால் புதியது எப்போதிலிருந்து பையில் இருந்தது என்று தம்பி கேட்பான்.

கையை இறுக மூடிக்கொண்டான்.

"ஆமாடா, பொறுக்கலைதான்" என்றான்.