இரண்டு பத்திரிகைகள் சொன்னால்

செப்டம்பர் ஒன்பது காலியாகக் கிடந்தது. நாட்டின் ஒரு வருடத்தை நாளுக்கொரு குறிப்பாகச் சுருக்கி ஆண்டு நூல் போடுவது எங்கள் அலுவலக வேலை. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். செப்டம்பர் என் பொறுப்பு என்பதால் கோட்டைவிட்டவனும் நான்தான்.

தொகுப்பாசிரியரை எல்லோரும் அக்கா என்போம். இரண்டு பத்திரிகைகள் சொல்லாத எதுவும் அவர் நூலில் ஏறாது. புகழுரையும் கூடாது. போன வருடம் ஒரு கலை விழா 'கோலாகலமாக' நடந்தது என்று நான் எழுதப்போக, "நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டு அந்தச் சொல்லை அடித்துவிட்டார். அமைச்சர் ஆள் அனுப்பியும் அவர் திறந்துவைத்த நீச்சல் குளம் உள்ளே வரவில்லை. அதில் தண்ணீரே விடவில்லையாம். இப்படி ஒருவரிடம் வேலை பார்ப்பது தலைவலிதான். ஆனால் எங்கள் நூலில் இருப்பது பொய் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

செப்டம்பர் பத்து தேதியிட்ட பத்திரிகைக் கட்டை அவிழ்த்தேன். முதல் தாளிலேயே கிடைத்துவிட்டது. ஆற்றின் புதுப் பாலத்தில் முதல் ரயில். ஓட்டியவர் ஒரு பெண். படத்தில் இன்ஜின் ஜன்னலோரம் சிரித்துக்கொண்டிருந்தவள் அக்காவின் மகள்.

"ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"என் பொண்ணு விஷயத்த நான் எழுதக்கூடாது. செப்டம்பர உங்கிட்ட தள்ளினதே அதுக்குத்தான். இன்னொரு பேப்பர்ல இருக்கா பாரு."

மதியச் சாப்பாட்டையும் மறந்து தேடினேன். இன்னொன்றில் பத்தி பத்தியாக அமைச்சரின் பேச்சு. கடைசியில் ஒரே வரி: ரயில் குறித்த நேரத்தில் அக்கரை சேர்ந்தது. ஓட்டியவரைப் பற்றி மூச்சே இல்லை.

"போட்டுடலாம்க்கா. யாரு கேக்கப்போறாங்க?"

"நான் கேப்பேன்."

முதல் பத்திரிகையை மறுபடி வாங்கி, குறித்த நேரத்தில் சேர்ந்தது அதிலும் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பிறகு எழுதினார்: 'ஆற்றின் புதுப் பாலத்தில் முதல் ரயில் ஓடியது. குறித்த நேரத்தில் அக்கரை சேர்ந்தது.'

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற மகளுக்கு இரண்டு வார்த்தை எழுத மனம் வரவில்லையே. அக்கா எதிரிலேயே அவளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், குறிப்பையும் படித்தேன்.

"குறித்த நேரத்திலன்னு அம்மாவே போட்டாங்களா?"

"ஆமா. ரெண்டு பேப்பர்லயும் அது இருந்துச்சு."

"அண்ணே, அன்னைக்கு நேரம் தவறிடுமோங்கிற பயம் ஒண்ணுதான் எனக்கு. அம்மாவ ஒரு தடவ படிக்கச் சொல்றீங்களா?"

போனை அக்காவின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை அருகே இழுத்தார். பிழை திருத்தும்போது எப்போதும் செய்வதுபோல, ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலை நகர்த்தி நிதானமாகப் படித்தார்.

"குறித்த. நேரத்தில். அக்கரை. சேர்ந்தது. முற்றுப்புள்ளி."

மறுமுனையில் ஏதோ ஒரு ரயில் கிளம்பும் அறிவிப்பு கேட்டது. அக்கா பென்சிலை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்கவில்லை.